எழுத்துக் கூட்டும் பிள்ளைகள்

வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை மந்தபுத்தி என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. அதனால் ஆசிரியருக்கு ஒரு வேலை குறைகிறது. பிள்ளைக்கோ வாழ்வே குறைந்து போகிறது. டிக்கோயாத் தோட்டப் பாடசாலைகளிற் பல்லாண்டு கரும்பலகையின் முன் நின்றவன் என்ற உரிமையில் இதுபற்றிச் சில கூற விழைகிறேன்.

மலையகத்திலே இக்குறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மேற் சுமத்தியது. அக்கடமை பல தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற அளவிலே நின்றுவிட்டது. 1945இல் இலங்கை இலவசக் கல்வி கண்டபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதன் அணைப்புக்கு வெளியிலேயே கிடந்தன. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. இன்று என் முன் அமர்ந்திருக்கும் சிறுவனின் லயத்து அறையிற் புத்தகம் இல்லையென்றால், அது அவன் பாட்டியின் குற்றமன்று.

புத்தகம் இல்லையே தவிர மொழி இல்லாமலில்லை. மாசி மாதத்துக் காமன்கூத்துப் பாட்டை விடிய விடியக் கேட்டு, மறுநாள் சொல் பிசகாமல் ஒப்புவிப்பவன், பாடப் புத்தகத்தின் நான்காவது வரியில் இடறுகிறான். நினைவிலும் அறிவிலும் அவன் யாருக்கும் இளைத்தவனல்லன். இடறச் செய்வன வேறு. ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள்: பின்னால் ஒலிக்கும் உயிரின் குறியில் ஒரு பகுதி முன்னால் வந்து நிற்கிறது! ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலியோ மூன்று. ணகர, னகர வேறுபாட்டை நாமே நாவிற் காட்டுவதில்லை. பிள்ளை மட்டும் எழுத்திற் காட்டவேண்டும் என்கிறோம். இவற்றோடு, அவன் அறிந்த பெரட்டும் கவ்வாத்தும் கொழுந்து மடுவமும் பாடத்தில் அரிதாகவே தலைகாட்டுகின்றன.

ஆகவே நான் புத்தகத்தை மூடிவிட்டு, “நேற்று என்ன நடந்தது?” என்று கேட்பதுண்டு. அவன் சொல்வான், சொன்னபடியே நான் எழுதுவேன், பிறகு அதையே வாசிக்கக் கொடுப்பேன். “சேர், இது நான் சொன்னதுதானே!” என்று வியந்தவர் பலர். தன் சொல்லைக் கண்டுகொண்டவனுக்கு எழுத்தின்மேல் இருந்த அச்சம் பாதி தீர்ந்துவிடுகிறது. நியூசிலாந்திலே மயோரிச் சிறாருக்குக் கற்பித்த சில்வியா அஷ்டன் வார்னர் என்னும் ஆசிரியை, ஒவ்வொரு பிள்ளையிடமும் அதற்கு நெருக்கமான சொற்களைக் கேட்டு, அட்டைகளில் எழுதிக் கொடுத்தே வாசிப்பைத் தொடங்கினார். 1963இல் வெளிவந்த அவருடைய நூலை நான் படித்தபோது, நம் மலைக்காகவே எழுதியது போல் இருந்தது.

ஒன்றை மட்டும் வன்மையாகக் கண்டிப்பேன். தடுமாறும் பிள்ளையை முன்னறிவிப்பின்றி எழுப்பி, வகுப்பு முழுவதும் நகைக்க உரக்க வாசிக்கச் செய்தல் கொடுமை. முதல்நாளே பகுதியைக் காட்டி, ஒரு தோழனோடு இருமுறை வாசிக்கவிட்டால் அவனும் நிமிர்ந்து நிற்பான்.

ஆர்வத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம். பேச்சுப் போட்டியும் பரிசும் உண்டு. நல்லதே. ஆயினும் நானறிந்த ஒரு பாடசாலையில் நூலக அலுமாரி அம்மாதத்திலும் பூட்டியே கிடந்தது. புத்தகம் கிழிந்துவிடும் என்பது காரணமாம். கிழியட்டுமே! ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று வினாத்தாள்களை மட்டுமே கையிலே திணித்தால், வாசிப்பென்பது விடை தேடும் வேலை என்றே பிள்ளை எண்ணிக்கொள்ளும்.

அண்மையில் ஒருவன், கடைத்தெருவில் கடலை சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் துண்டொன்றை என்னிடம் நீட்டினான். எண்ணெய் ஊறிய தாள். ஏதோ ஒரு சிறுகதையின் நடுப்பகுதி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் பெயரையே எழுத்துக் கூட்டியவன் அதை இறுதிவரை வாசித்திருந்தான்.

“மிச்சக் கதை எங்க சேர்?” என்றான்.

அது எந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.