தீட்சிதரின் கிருதிகளும் வீணையின் தந்திகளும்

உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டைச் செவிமடுத்தவர்கள், அப்பாட்டின் நடை வலையின் கனத்திலிருந்தும் இழுப்பவர் கைகளின் ஒருமித்த அசைவிலிருந்தும் பிறந்ததென்பதை எவரும் எடுத்துரைக்காமலே உணர்ந்துகொள்வர். கையின் தொழில் பாட்டின் வடிவை நிர்ணயிக்கும் இந்த நியதி கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளையும், அவர் மடியிலிருந்த வீணையைக் கொண்டே விளங்கிக்கொள்ளல் வேண்டும் என்பது என் துணிபு.

1775இல் திருவாரூரிற் பிறந்த தீட்சிதர், சிதம்பரநாத யோகியுடன் காசியில் வாழ்ந்த காலத்தில், கங்கையில் மூழ்கியபோது அவர் கைக்கு ஒரு வீணை கிடைத்ததென்று பரம்பரைச் சரித்திரம் கூறும். பக்தர்கள் அதனைப் பிரசாதமாகக் கொள்வர், கொள்ளட்டும். அதனினும் உறுதியான சான்று நூல்களில் இருக்கிறது. தீட்சிதர் பின்பற்றிய மேளமுறையை வகுத்தவர் பதினேழாம் நூற்றாண்டுத் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி. அவருடைய 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யின் முதல் அத்தியாயமே வீணையைப் பற்றியது. தீட்சிதர் வம்சத்தவரான சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யோ, கிருதிகளை ஸ்வரப்படுத்தியதுடன் நில்லாது, ஸ்வரங்களை அசைத்தும் இழைத்தும் எழுப்பும் கமகங்களுக்குத் தனித்தனிக் குறியிட்டு, அவற்றை வீணையில் எழுப்பும் முறையையும் விளக்குகிறது.

வீணையின் தண்டியில் மெழுகிற் பதித்த 24 மெட்டுகளுள் ஒன்றின்மேல் தந்தியை அழுத்தி, ஒரே மீட்டில் அதனைப் பக்கவாட்டில் இழுத்தால், மேலுள்ள ஸ்வரங்கள் அறுபடாத இழையாக அங்கேயே எழும். இழுப்பதற்கும், எழுந்த நாதம் கரைவதற்கும் அவகாசம் வேண்டும்; தீட்சிதரின் விளம்ப காலம் அந்த அவகாசமே. அவருக்கு வேறு வழி தெரியாமலில்லை. சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது கேட்ட ஆங்கில மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்த 'நோட்டு ஸ்வர'ங்களில் கமகம் இல்லை. தம்பி பாலுசுவாமி அங்கேயே பிடில் பயின்றார். இருந்தும் தம் பெரிய கிருதிகளுக்கு அவர் வேண்டியது வீணையின் இழுப்பையே.

வாத்தியத்துக்கும் ஆக்கத்துக்கும் உள்ள இத்தொடர்பு எல்லோரிடத்தும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ஜெர்மானிய மேதை பாக் (1685–1750) லூட் என்னும் தந்தி வாத்தியத்துக்கென ஒரு தொகுப்பைத் தம் கைப்படவே எழுதியவர்; அவர் மறைந்தபின் எடுத்த உடைமைப் பட்டியலில் ஒரு லூட்டும், அதன் ஓசையை விசைப்பலகையால் எழுப்பும் இரண்டு வாத்தியங்களும் காணப்பட்டன. அப்படியிருந்தும், அவர் லூட்டைத் தாமே வாசித்தாரா, விசைப்பலகையின் முன் அமர்ந்துதான் அத்தொகுப்பை இயற்றினாரா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். தீட்சிதர் விஷயத்தில் அத்தகைய வாதத்துக்கு இடமில்லை. மதுரை மீனாட்சிமேல் அவர் பாடிய கிருதியின் இராகப் பெயரே கமகக்ரியா. அதன் சாகித்தியத்திலும் வீணையும் பத்துக் கமகங்களும் இடம்பெறுகின்றன. 1835ஆம் ஆண்டுத் தீபாவளியன்று எட்டயபுரத்தில் சீடர்கள் பாட, அவர் கேட்டுக்கொண்டே உயிர் நீத்ததும் அந்தக் கிருதியே என்பர். அதனை வாய்ப்பாட்டாகக் கேட்ட அன்பர்கள், ஒருமுறை வீணையிலும் கேட்டுப் பார்ப்பார்களாக.