வெளியே தழும்பில்லை, உள்ளே ஆறு வாரம்

புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்து தேனி அல்லிநகரத்துக்குத் திரும்பும் பெரியவர்களில் பலருக்கு வயிற்றில் ஒரு தையல்கூட இருக்காது. மூத்திர வழியாகவே கருவியைச் செலுத்தி, வழியை அடைத்து நிற்கும் சதையைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘டி.யு.ஆர்.பி.’ என்று எழுதியிருக்கும். புற்றுநோய் அல்லாத, வயதோடு வரும் புரோஸ்டேட் வீக்கத்துக்கு நெடுங்காலமாகச் செய்துவரும் ஆபரேஷன் இது. கட்டு இல்லை, தையல் பிரிக்கிற வேலை இல்லை. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், “ஆளு நல்லாத்தான இருக்காரு” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பத்து நாளில் அவருக்கே அப்படித் தோன்றிவிடும். அந்த நினைப்புதான் ஆபத்து.

உள்ளே நடப்பது வேறு. சதையை எடுத்த இடம் முழுக்கப் பச்சைப் புண். முழங்காலில் தோல் வழன்ற இடத்தில் பொருக்குத் தட்டுவதுபோல அதன்மேலும் பொருக்குப் படியும். ஆபரேஷன் ஆன இரண்டாவது வாரத்தை ஒட்டி அந்தப் பொருக்கு உதிரும். அதுவரை தெளிவாகப் போய்க்கொண்டிருந்த சிறுநீர் ஒருநாள் திடீரென்று சிவக்கும். வீட்டில் எல்லோரும் பதறிப்போவார்கள். லேசான சிவப்பாக இருந்தால் வேலையை விட்டுவிட்டுப் படுத்து, தண்ணீரைச் சற்று அதிகம் குடித்தால் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு வாழைத்தாரைத் தூக்கினாலோ, எக்ஸெல் வண்டியை உதைத்துக் கிளப்பினாலோ லேசான கசிவு பெருங்கசிவாகிவிடலாம். புண் முழுதாக ஆற ஆறு வாரம் வரை ஆகும். இந்த ஒரு கணக்கை வீட்டில் எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்ற விதிகளெல்லாம் எதற்கு என்று தானாகவே புரிந்துவிடும்.

நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைகுடம் அதைத் தாண்டிவிடும். இருபது லிட்டர் கேன் பக்கமே போகக் கூடாது. மண்வெட்டி பிடிப்பது, மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டுவது, உரமூட்டை இறக்குவது எல்லாம் இதில் அடக்கம். போடிமெட்டுக்கும் குமுளிக்கும் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிறவர்கள் எப்போது திரும்பப் போகலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேட்க வேண்டும். மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று கிளம்பக் கூடாது. நடப்பது நல்லது. நடந்தால்தான் காலில் ரத்தம் உறையாது. முதல் வாரம் தெருவுக்குள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதிக தூரம்.

ரத்தக்கசிவுக்கு இன்னொரு முக்கிய காரணம் மலச்சிக்கல். முக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் புண்ணின் மேல்தான் விழுகிறது. கீரை, கொய்யா, வாழைப்பழம் என்று தினமும் சேர்த்துக்கொள்ளுங்கள், தேனிப் பக்கம் எதற்கும் குறைவில்லை. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் எந்தப் பழம், எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். மலம் இளக்கும் சிரப் எழுதிக் கொடுத்திருந்தால் நன்றாகத்தானே போகிறது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர் என்பது பொதுவான அளவு. இதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் டாக்டர் சொன்ன அளவுதான். பொழுது சாய்ந்த பிறகு குறைத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் கெடாது. டீயும் காபியும் மூத்திரப்பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும். கடைக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கலாம், ஆனால் நாலாவது கிளாஸ் வேண்டாம். மது அறவே கூடாது.

சிலரை டியூபோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அதன் நுனியில் உள்ள சிறு பலூன் மூத்திரப்பைக்குள் ஊதி நிற்பதால்தான் டியூப் நழுவாமல் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஃபோலி 1930-களில் உருவாக்கிய அமைப்பு. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. பலூனோடு இழுத்துவிட்டால் வழி கிழியும். ஆகவே டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வேட்டியோ லுங்கியோ வசதி. டியூபின் மறுமுனையில் சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. கட்டிலில் படுக்கும்போது பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சிறுநீர் திரும்ப ஏறிக் கிருமி சேரும். தினமும் கையைக் கழுவிவிட்டு, டியூப் உள்ளே போகும் இடத்தைச் சோப்புத் தண்ணீரால் சுத்தம் செய்து துடைத்தால் போதும். மஞ்சளோ பவுடரோ போட வேண்டாம். டியூப் இருக்கும்போதே ஒண்ணுக்கு முட்டுவதுபோல இருப்பதும், ஓரத்தில் சொட்டுவதும் உண்டு. மூத்திரப்பை இறுகுவதால் வருவது அது; பையில் சிறுநீர் சேர்ந்துகொண்டிருக்கும்வரை பயமில்லை.

டியூப் எடுத்த பிறகுதான் பலருக்கு மனச்சோர்வு வருகிறது. எரிச்சல், அடிக்கடி போகும் அவசரம், எழுந்து போவதற்குள் சொட்டிவிடுவது. ஆபரேஷன் வீணாகிவிட்டதோ என்று நினைப்பார்கள். வீணாகவில்லை. வருஷக்கணக்கில் அடைப்பை எதிர்த்து முக்கிப் பழகிய மூத்திரப்பைக்குப் புது நிலைமை பிடிபடச் சில வாரம் ஆகும். மருமகள் துவைக்கிற துணியில் கறை தெரிந்துவிடுமே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிற பெரியவர்கள் உண்டு. அதனால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும், கிருமியும் சேரும். மருந்துக்கடையில் பெரியவர்களுக்கான டயாப்பர் கிடைக்கும், உள்ளாடைக்குள் வைக்கும் பேடும் கிடைக்கும். மகனோ பேரனோ கேட்காமலே வாங்கிவந்து அலமாரியில் வைத்துவிட்டால் அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்காது.

சொட்டுவதைக் குறைக்க ஒரு பயிற்சி உண்டு. காற்றை அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குகிறோமோ அதை ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை. டியூப் இருக்கும்போது செய்யக் கூடாது.

வெளியே பேசாத விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலோருக்கு உறவின்போது விந்து வெளியே வராது. பின்னோக்கி மூத்திரப்பைக்குள் போய், பிறகு சிறுநீரோடு கலந்து வெளியேறும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. விறைப்பு பெரும்பாலும் முன்போலவே இருக்கும். முன்கூட்டியே தெரியாதவர்கள் ஆண்மை போய்விட்டது என்று கலங்கி, சுவரொட்டி வைத்தியரிடம் காசைக் கொட்டுகிறார்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து, புண் ஆறியபின் உறவு கொள்ளலாம்.

புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட்டை முழுதாக எடுத்தவர்களின் பாதை வேறு. டியூப் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் இருக்கும். வயிற்றில் தையலோ துளைகளோ இருக்கும். சொட்டுவது நிற்க மாதக்கணக்கில் ஆகலாம். மேலே சொன்ன பயிற்சி இவர்களுக்குத்தான் அதிகம் தேவை. விறைப்பு நரம்புகளைக் காப்பாற்றிச் செய்யும் முறையை அமெரிக்காவில் பேட்ரிக் வால்ஷ் 1982-இல் செய்து காட்டினார். அப்படிச் செய்தாலும் விறைப்பு திரும்ப ஒன்றிரண்டு ஆண்டு ஆகலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம்.

எப்போது ஓட வேண்டும்? வயிறு முட்டிக்கொண்டு ஒண்ணுக்கு வரவே இல்லையென்றால். பையில் சிறுநீர் இறங்குவது நின்றுவிட்டால். ரத்தம் கட்டி கட்டியாக வந்தால், அல்லது படுத்துத் தண்ணீர் குடித்தும் சிவப்பு அடர்ந்துகொண்டே போனால். நடுக்கத்தோடு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால். விதை வீங்கி வலித்தால். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால், மூச்சு வாங்கினால். விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆண்டிபட்டி ரோட்டில் கானா விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதுரைவரை போக வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக ஆரம்பிக்கவும் கூடாது, தாமாக நிறுத்தவும் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு நிறுத்துவது உயிராபத்து. புண் ஆறாதவருக்கு ஆரம்பிப்பது ரத்தக்கசிவு. எந்தத் தேதியில் தொடங்குவது என்று ஆஸ்பத்திரியிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

மதுரையில் ஆபரேஷன் செய்தவர்கள் மறுபடி காட்டப் போகும்போது பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார வேண்டாம், கணவாய் இறங்கி உசிலம்பட்டி தாண்டுவதற்குள் தூக்கித் தூக்கிப் போட்டுவிடும். 2022 மே மாதத்திலிருந்து தேனிக்கு மீண்டும் ரயில் ஓடுகிறது. அதில் கழிப்பறையும் உண்டு. நேரம் ஒத்துவந்தால் அதுவே மேல்.

அந்தப் பயணத்தில் மறக்காமல் கேட்டு வாங்க வேண்டியது, எடுத்த சதையைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட். சுரண்டி எடுத்தது உள்பகுதியைத்தான். புரோஸ்டேட்டின் வெளி ஓடு உள்ளேயே இருக்கிறது, அதில் பின்னாளில் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு. பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை இனி எப்போதெல்லாம் செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அந்த ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.