மூன்றாவதாக வந்தும் பதக்கம் இல்லை... புதுக்கோட்டை லட்சுமணனுக்கு ஜகார்த்தாவில் என்ன நடந்தது?

2018 ஆகஸ்ட் 26. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ஆண்கள் 10,000 மீட்டர் ஓட்டத்தில் புதுக்கோட்டையைச் சேர்ந்த கோவிந்தன் லட்சுமணன் 29 நிமிடம் 44.91 விநாடியில் மூன்றாவதாக ஓடி முடித்தார். 1998-ல் குலாப் சந்த் வெண்கலம் வாங்கியதற்குப் பிறகு இந்தப் பிரிவில் இந்தியாவுக்குப் பதக்கம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கொஞ்ச நேரம்தான். லட்சுமணன் தகுதிநீக்கம் என்று அறிவிப்பு வந்துவிட்டது.

ஊக்கமருந்தா? இல்லவே இல்லை. ஓடும்போது கால் டிராக்கின் உள்பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான்.

10,000 மீட்டர்னா எவ்வளவு?

மைதானத்தை 25 சுற்று சுற்ற வேண்டும். நம்ம ஏரியா கணக்கில் சொன்னால், வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இருந்து செவ்வாப்பேட்டை, புட்லூர் தாண்டி திருவள்ளூர் போகிற தூரம், கிட்டத்தட்ட. அதை அரை மணி நேரத்துக்குள் ஓடியிருக்கிறார். ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

யார் இந்த லட்சுமணன்?

சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். புதுக்கோட்டையில் பயிற்சியாளர் லோகநாதன்தான் இவரை உருவாக்கினார். 2016 தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்ற எல்.சூர்யாவும் அதே பயிற்சியாளரின் மாணவிதான். லட்சுமணன் பிறகு ராணுவத்தில் சேர்ந்தார்.

2015-ல் சீனாவின் வூஹானில் நடந்த ஆசிய தடகளத்தில் வெள்ளியும் வெண்கலமும் வென்றார். 2017 ஜூலையில் புவனேஸ்வரில் முதல் நாள் 5,000 மீட்டரில் தங்கம், கடைசி நாள் 10,000 மீட்டரிலும் தங்கம். 5,000 மீட்டரில் அவர் எடுத்த நேரம் 14 நிமிடம் 54.48 விநாடி. இது மெதுவாச்சே என்று ஓட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பதக்கத்துக்கான ஓட்டத்தில் பெரும்பாலும் யாரும் முதலில் வேகம் காட்ட மாட்டார்கள், கடைசிச் சுற்றுகளில்தான் பாய்வார்கள். அடுத்த மாதமே லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் இதே 5,000 மீட்டரை 13 நிமிடம் 35.69 விநாடியில் ஓடினார். அது அவருடைய பெஸ்ட். ஆனாலும் இறுதிச்சுற்றுக்குப் போக அது போதவில்லை. ஆசியாவுக்கும் உலகத்துக்கும் அவ்வளவு இடைவெளி.

கால் பட்டதற்கா இவ்வளவு?

டிராக்கின் உள் ஓரத்தில் சின்ன வரம்பு மாதிரி ஒன்று இருக்கும், 5 சென்டிமீட்டர் உயரம். ஒரு சுற்று 400 மீட்டர் என்பதே அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்த கணக்கு. வளைவில் அதைத் தாண்டி உள்ளே மிதித்தால் ஓடும் தூரம் குறையும். அதனால்தான் விதி கடுமை. யாராவது தள்ளிவிட்டு கால் போனால் மன்னிப்பு உண்டு. தானாகப் போனால் கிடையாது. இந்திய அணி மேல்முறையீடு செய்தது, எடுபடவில்லை. நான்காவதாக வந்த சீன வீரர் சாவோ சாங்ஹாங்குக்கு வெண்கலம் போனது. அவர் லட்சுமணனைவிட 20 விநாடிக்கு மேல் பின்னால் வந்தவர் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அப்போதைய மத்திய விளையாட்டு அமைச்சர் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர், லட்சுமணனுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார். ஆனா பதக்கப் பட்டியலில் பெயர் இல்லை.

இப்போ விதி என்ன?

உலக தடகள அமைப்பு பின்னாளில் இதைத் தளர்த்திவிட்டது. வளைவில் ஒரே ஒரு முறை கால் உள்ளே போனால், மற்றவர்களை இடிக்காமல், மறிக்காமல் இருந்தால், தகுதிநீக்கம் இல்லை. ரிசல்ட்டில் குறிப்பு மட்டும் போடுவார்கள். இரண்டாவது முறை மிதித்தால்தான் வெளியே. அந்த இரண்டாவது முறை அடுத்த சுற்றுப் போட்டியில் நடந்தாலும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள்.

10,000 மீட்டரில் இந்தியாவின் காத்திருப்பு 2023-ல் ஹாங்சோவில் முடிந்தது. கார்த்திக் குமாருக்கு வெள்ளி, குல்வீர் சிங்குக்கு வெண்கலம்.