உஷார்! பூனைக்கு மஞ்சள் பாரித்தால் பழைய மாத்திரையைத் தேடாதீர்கள்

உங்கள் வீட்டுப் பூனை இரண்டு நாளாகச் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறதா? உடனே மடியில் தூக்கி வைத்து, பகல் வெளிச்சத்தில் காதின் உட்புறத்தைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். மஞ்சள் பாரித்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். எங்கள் வீட்டில் ராத்திரி டியூப்லைட்டில் பார்த்து ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டேன். காலையில் ஜன்னலோரம் படுத்திருந்த எங்கள் பூனையின் காது மஞ்சள் பூசினதுபோல் இருந்தது.

அப்போது கை தானாக அலமாரிக்குப் போகும், போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கைத் தேடி. வேண்டவே வேண்டாம்! இரண்டு வேளையில் பூனை தேறினாற்போல் தெரியும். ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டும் மிஞ்சிப் பெருகும். மஞ்சள் பாரிக்கக் கிருமித்தொற்றும் ஒரு காரணம்: பூனைக்குப் பித்தநாளமும் கணையநாளமும் ஒன்றுகூடித்தான் சிறுகுடலில் திறக்கின்றன. குடலில் இருக்கும் ஈ.கோலை, என்டரோகாக்கஸ் போன்றவை அந்த வழியாக மேலேறிப் பித்தப்பை, கல்லீரல், கணையம் மூன்றையும் பிடித்துக்கொள்ளும். என்டரோகாக்கஸ் இருக்கிறதே, செஃபலோஸ்போரின் வகை மருந்துகளுக்கு அது இயல்பிலேயே அசையாது.

ஆகவே டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "பித்தநீர் கல்ச்சர் எடுக்க முடியுமா?" ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியைப் பித்தப்பைக்குள் செலுத்திச் சில சொட்டு எடுத்து, அதில் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பார்கள். கல்லீரல் சதையைவிடப் பித்தநீரில்தான் கிருமி அகப்பட வாய்ப்பு அதிகம். ரத்தம் உறைகிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்வார்கள். முடிந்தவரை முதல் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே எடுப்பது நல்லது. பூனை மிகவும் துவண்டிருந்தால் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கி, ரிசல்ட் வந்ததும் மாற்றுவார்கள்.

"பவர் கூட்டிக் கொடுங்க" என்று மட்டும் நச்சரிக்காதீர்கள். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக், ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் விழித்திரையைக் கெடுத்து, பூனையைக் குருடாக்கிவிடக்கூடும். காய்ச்சலுக்கென்று பாரசிட்டமால் கொடுத்தால், ஒரே மாத்திரை உயிரையே குடிக்கும்.

பட்டினியும் எமன்தான். சில நாள் சாப்பிடாத பூனைக்கு, குண்டுப் பூனையென்றால் இன்னும் சீக்கிரம், கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். உணவுக்குழாய் ட்யூப் போடலாம் என்று டாக்டர் சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். அதன் வழியாகத்தான் எங்களவள் பிழைத்தாள்.

ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஓடும். பத்தாம் நாளே திரைச்சீலையில் தொங்கி விளையாடினாலும் நிறுத்தாதீர்கள். மறுபடி ரத்தம் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.