சென்னைக்குப் பிறந்தநாள்

ஆகஸ்ட் 22 சென்னைக்குப் பிறந்தநாள். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே கடலோரமாக ஒரு துண்டு நிலம் கிடைத்த நாள் என்பது கணக்கு. ஜூலை 22தான் சரி என்போரும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கொண்டாட்டம் தொடங்கியது 2004-இல்தான். தொடங்கியது அரசு அல்ல. வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையாவும் இரண்டு பத்திரிகை நண்பர்களும். மேடை, தலைவர், பொன்னாடை எதுவும் கட்டாயமில்லை, அதுவே பெரிய நிம்மதி! ஆர்வமுள்ள எவரும் நிகழ்ச்சி நடத்தலாம். ஒருவர் மயிலாப்பூர்த் தெருக்களைச் சுற்றிக்காட்டுவார். இன்னொருவர் தாம் சேர்த்த பழைய தபால்தலைகளையும் நாணயங்களையும் காட்சிக்கு வைப்பார். ஒரு நாள் விழா வாரமாக வளர்ந்து, இப்போது ஆகஸ்ட் முழுக்க நீள்கிறது. நடைப்பயணத்துக்கு வர நினைப்பவர்கள் வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்.