செஞ்சிக் களஞ்சியமும் ரோமாபுரி மணித் தகடும்

பால் கணக்கைச் சமையலறைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? வெட்கப்பட வேண்டாம், அம்மணி! உலகையே கட்டியாண்ட ரோமாபுரியாருக்கும் கணக்குப் பார்க்கக் கோடு வேண்டியிருந்தது. அவர்களுடைய கோடு வெண்கலத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

செஞ்சிக்குப் போனால் ராஜகிரி அடிவாரத்திலுள்ள களஞ்சியத்துக்குள் நுழைந்து பாருங்கள். கனத்த சுவர்கள், உயர்ந்த வளைவுக் கூரை. கோட்டையில் இருந்தவர்களின் உயிர் இங்கேதான் குவிந்து கிடந்தது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை வெளியே. மராட்டிய மன்னர் ராஜாராமும் அவர் சேனையும் உள்ளே. அப்படிப்பட்ட நாளில் நெல் கணக்குப் பிசகினால்? கோட்டைக் கதவைப் பசியே திறந்துவிடும்!

நெல்லை நம்மவர் பத்துப் பத்தாக எண்ணவில்லை. எட்டு நாழி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உருப்போட்டவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

ஆச்சரியம் என்ன தெரியுமா? ரோமாபுரியிலும் இதே பன்னிரண்டுதான்! 'ஆஸ்' என்ற முழு அளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு 'உன்சியா'. நம் 'அவுன்ஸ்' அதிலிருந்து பிறந்த சொல்தான்.

அவர்களுடைய கணக்குக் கருவி உள்ளங்கையில் அடங்கும் தகடு. அதில் வரிசையாகப் பள்ளங்கள்: மேலே குட்டை, கீழே நீளம். ஒன்று, பத்து, நூறு என்று பத்து லட்சம் வரை ஏழு ஸ்தானங்கள். கீழ்ப் பள்ளத்தில் நான்கு மணிகள், ஒவ்வொன்றும் ஒன்று. மேலே ஒரே மணி. அதற்கு மதிப்பு ஐந்து. நடுவை நோக்கித் தள்ளிய மணிகளே கணக்கில் சேரும். எட்டாவது பள்ளம் பன்னிரண்டுக்காக: கீழே ஐந்து மணிகள், மேல் மணிக்கு மதிப்பு ஆறு. அதற்கும் சிறிய பின்னங்களுக்குத் தனி மணிகள் உண்டு.

நம் நெல்லை அதில் எண்ணிப் பார்ப்போமா? 27 கலம் 8 மரக்கால். பத்தின் பள்ளத்தில் கீழ்மணி இரண்டு. ஒன்றின் பள்ளத்தில் மேல்மணியும் கீழ்மணி இரண்டும், ஏழாயிற்று. எட்டாவது பள்ளத்தில் மேல்மணி ஆறு, கீழ்மணி இரண்டு, எட்டு மரக்கால். இன்னும் 5 மரக்கால் வந்தால் மொத்தம் பதின்மூன்று. பன்னிரண்டைக் கலைத்து ஒரு கலமாக ஏற்றுங்கள், மிச்சம் ஒன்று. 28 கலம் 1 மரக்கால்! காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை.

இந்தத் தகடு செஞ்சிக்கு வந்தது என்று கதை கட்டவில்லை. ஆனால் ரோமாபுரிச் சரக்கு நம் கரைக்கு வந்தது நிஜம். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அந்நாட்டு ஜாடிகளும் மண்பாத்திரங்களும் கிடைத்தன.

இன்று மாலை கோலமாவால் கோடுகள் இழுத்து, பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் புளியங்கொட்டைகளை அடுக்குங்கள். கணக்கு என்றதும் முகம் சுளிக்கும் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எழுந்திருக்க மாட்டான். பால் கணக்கும் பிசகாது!