ஓயாது ஓடும் நீரேற்றி

திருவொற்றியூரில் பொழுது புலர்வதற்கு முன்பே பல வீடுகள் விழித்துக்கொள்ளும். தெருக்குழாயில் வரும் நீர் தரைக்கு அடியில் கட்டப்பட்ட தொட்டியில் வந்து விழும். அத்தொட்டியை மக்கள் ‘சம்ப்’ என்பர். அங்கிருந்து நீரை மாடித் தொட்டிக்கு ஏற்றுவது ஒரு சிறிய மின்பொறி. நூலோர் அதனை நீரேற்றி என்றும் எக்கி என்றும் வழங்குவர். வீட்டிலோ அதற்கு ஒரே பெயர்தான்; அது ‘மோட்டார்’.

ஒரு வீட்டில் அரை மணி நேரத்தில் தொட்டியை நிரப்பிவிடும் மோட்டார், ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். “அம்மா, தொட்டி இன்னும் நிரம்பவில்லையே!” என்கிறான் மகன். “இன்னும் சற்று ஓடட்டும், தம்பி” என்கிறாள் தாய். பெரும்பாலோர் செய்யும் பிழை இதுவே. ஓட ஓட நீர் வரும் என்பது நம்பிக்கையேயன்றி அறிவன்று. முதலில் செய்யத்தக்கது மோட்டாரை நிறுத்துவதாகும்.

அதற்குக் காரணம் உண்டு. மோட்டாரின் சுழல்தண்டு நீரறைக்குள் நுழையும் இடத்தில் ‘சீல்’ எனப்படும் அடைப்பு ஒன்று உள்ளது. அதனைக் குளிர்விப்பது அப்பொறி ஏற்றும் நீரே. நீரின்றிச் சுழலும்போது அது சூடேறிச் சிதையும். பின்னர் அவ்வழியே கசியும் நீர் மின்சுருள்களை அடைந்தால் மோட்டார் எரிந்துபோகும். ஆயிரக்கணக்கில் செலவு வைப்பது பெரும்பாலும் முதற்பழுது அன்று. பழுதைக் கண்ட பின்னும் ஓடவிட்ட அந்த இரண்டு மணி நேரமே.

நிறுத்திய பின் சம்பின் மூடியைத் திறந்து நீர் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். இஃது எளிய செயல்; எளிது என்பதாலேயே மறந்துவிடுவர். நீர் இருந்தும் மேலே ஏறவில்லையெனில், நீர் எவ்வாறு ஏறுகிறது என்பதை அறிந்தால்தான் மேலே செல்ல இயலும்.

மோட்டார் நீரைப் பிடித்து இழுக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அஃது இழுப்பதில்லை. தன் உள்ளறையில் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. சம்பிலுள்ள நீரின் மேல் அமர்ந்திருக்கும் காற்றுமண்டலமே நீரைக் குழாய்க்குள் தள்ளி மேலேற்றுகிறது. இதனை உலகம் தாமதமாகவே உணர்ந்தது. ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் எக்கியால் நீரை உறிஞ்ச இயலவில்லை என்னும் செய்தியைக் கலீலியோ 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் குறித்தார். அவர்தம் மாணவராகிய டாரிசெல்லி, நீருக்குப் பதிலாகப் பாதரசத்தைக் கொண்டு ஆராய்ந்தார். காற்றின் அழுத்தம் தாங்கும் பாதரசத் தம்பத்தின் உயரம் 76 சென்டிமீட்டர். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனமுடையது. ஆகவே நீர்த்தம்பம் 10.3 மீட்டர் உயரம் வரை நிற்கும். அதற்கு மேல் ஏறாது. குழாயின் உராய்வு முதலியவற்றைக் கழித்தால், நடைமுறையில் 7 மீட்டர் கிடைப்பதே அரிது. சம்ப் அவ்வளவு ஆழம் இராதாகலின், அதில் இவ்வெல்லை குறுக்கிடுவதில்லை. ஆழ்ந்த கிணற்றிலோ பொறியையே நீருக்குள் இறக்கிவிடுவர்.

காற்றே நீரைத் தள்ளுகிறது என்றால், அக்காற்று குழாய்க்குள் நுழைந்துவிட்டால் அனைத்தும் கெட்டது. உள்ளும் புறமும் அழுத்தம் ஒன்றாகிவிட, மோட்டார் வெறுங்காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். இதனையே பிளம்பர்கள் ‘ஏர் பிடித்துக்கொண்டது’ என்பர். காற்று நுழையாதிருக்கவே உறிஞ்சு குழாயின் அடியில் ‘புட் வால்வு’ என்னும் ஒருவழிக் கதவு பொருத்தப்பட்டுள்ளது. நீர் மேலேறும்போது அது திறக்கும். மோட்டார் நின்றதும் மூடிக்கொண்டு, ஏறிய நீர் மீண்டும் இறங்காமல் காக்கும். ஒரு சிறு கல்லோ நூலோ அதன் வாயில் சிக்கினால் போதும். இரவு முழுதும் நீர் சொட்டிச் சொட்டி இறங்கிவிட, விடியற்காலையில் குழாய் வெறுமையாகக் கிடக்கும்.

இதனைக் கண்டறிய ஒரு குவளை நீர் போதும். மோட்டாரின் தலையிலுள்ள சிறு திருகைக் கழற்றி, அத்துளை நிரம்பும் வரை நீர் ஊற்றுக. ஊற்றிய நீர் அசையாது நின்றால் வால்வு நலமாக உள்ளது. மெல்ல இறங்கினால் வால்வு கசிகிறது. அல்லது இடையில் ஏதோ ஓர் இணைப்பு நெகிழ்ந்துள்ளது. அவ்விணைப்பு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஏனெனில், மோட்டார் ஓடும்போது அவ்விடத்தில் நீர் வெளியே கசிவதில்லை; காற்றுத்தான் உள்ளே நுழைகிறது. உலர்ந்திருக்கும் இணைப்பை யார் ஐயுறுவார்? நீர் ஊற்றி நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும் அவ்விடம் சிறிதே ஈரமாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அடுக்குமாடி வீடுகளில் வேறொரு வகை நீரேற்றியும் உண்டு. குழாயைத் திறந்தவுடன் தானே ஓடி, மூடியவுடன் தானே நிற்பது அது. குழாய்க்குள் அழுத்தம் குறைந்தால் மின்சாரத்தைச் சேர்ப்பதும், கூடினால் பிரிப்பதும் அதிலுள்ள அழுத்த விசையின் தொழில். எல்லாக் குழாய்களையும் மூடிய பின்னும் இஃது ஓடுமாயின், குற்றம் வீட்டுக் குழாய்களிலா, பொறியிலா என்பதே வினா. விடை காண, நீரேற்றியை அடுத்து வெளிச்செல்லும் குழாயிலுள்ள வால்வை மூடிப் பார்க்க வேண்டும். உடனே பொறி நின்றுவிட்டால் பொறி குற்றமற்றது. வால்வுக்கு அப்பால் எங்கோ நீர் ஒழுகுகிறது. கழிப்பறைத் தொட்டியில் தேய்ந்துபோன ஒரு வாஷரே பெரும்பாலும் அக்கள்வன். மூடிய பின்னும் ஓடினால், பொறியோ அதன் விசையோதான் பழுதுபட்டுள்ளது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரையில் விசைகள் பழுதாவதற்குச் சிறப்பான காரணம் ஒன்றுண்டு. கடற்காற்றிலுள்ள உப்பு செம்பு முனைகளைக் களிம்பேறச் செய்யும். களிம்பேறிய முனைகள் சூடாகி ஒட்டிக்கொண்டால், அழுத்தம் எவ்வளவு கூடினும் அவை பிரியமாட்டா. அவற்றைத் திறந்து பார்ப்போர் மின்சாரத்தை மூலத்திலேயே துண்டித்த பிறகே கைவைத்தல் வேண்டும். ஈரத்தரையில் நின்றுகொண்டு செய்யும் வேலையில் இதற்கு விலக்கே இல்லை.

வீட்டு மோட்டார் ஓயாமல் ஓடினால் இழப்பு ஒரு வீட்டிற்கு. ஊர் மோட்டார்கள் ஓயாமல் ஓடினால் என்ன நிகழும் என்பதை இப்பகுதியின் நிலமே காட்டியிருக்கிறது. மணலியில் 1969ஆம் ஆண்டில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது; தொழிற்சாலைகள் பெருகின. அவற்றுக்கும் சென்னை நகருக்கும் மீஞ்சூர்ப் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகள் நீர் தந்தன; உழவர்களும் இறைத்தனர். கடலோர நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உவர்நீரை அது தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு மீட்டர் குறைந்தாலோ, கீழே அந்த 40 மீட்டரும் போய்விடும். மீஞ்சூரில் கடல்நீர் நிலத்தடியே பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. தென்னைக்கும் நெல்லுக்கும் பாய்ந்த கிணறுகள் உவர்த்தன.

பின்னர் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரவல்ல நிலையம் 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கடல்நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்தி, உப்பைப் பிரித்து நன்னீராக்குவது அதன் தொழில். அதற்குக் காற்றுமண்டலத்தின் அழுத்தத்தைப் போல் 50 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, தெருத்தோறும் குடங்கள் லாரிக்காகக் காத்திருந்தபோது, நகரம் நம்பியிருந்தவற்றுள் அதுவும் ஒன்று. அங்குள்ள நீரேற்றிகளைக் காப்போரின் கவலை திருவொற்றியூர் வீட்டாரின் கவலைக்கு நேர் எதிரானது. அவை இரவும் பகலும் ஓட வேண்டியவை. நின்றால்தான் ஓடிவந்து பார்ப்பர்.